பேய்க்கு அளவுச் சட்டை

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பழைய சிறைச்சாலையில் பேய் நடமாட்டம் என்ற பேச்சு, சிறை மூடப்பட்ட பிறகுதான் கிளம்பியது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சிறை ஜோராக நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அந்தப் பேச்சு உண்டு. மதிலோரம் துணி காயப்போடும் பெண்களுக்கு உள்ளேயிருந்து அலறல் கேட்கும். ஒரு துணிச்சல்காரர் வாசலில் போய் விசாரித்தார். "உள்ள யாருமே அலறல. எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க. சந்தேகம்னா நீங்களும் உள்ள வந்து தங்கிப் பாருங்களேன்" என்றார்கள். அவர் வேலை இருக்கிறது என்று திரும்பிவிட்டார். யாரும் அலறவில்லை என்று அரசாங்கம் சொல்கிறது, காதிலோ அலறல் விழுகிறது. இரண்டையும் பொய்யாக்காமல் பிழைப்பை ஓட்ட வேண்டுமே! ஆகவே தெரு கூடிப் பேசாமலேயே ஒரு முடிவுக்கு வந்தது. அது பேய். உயிரோடு இருந்தவர்களின் குரலுக்கே பேய் என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய தெரு எங்களுடையது.

பிறகு சிறையை மூடினார்கள். கூரையில் செடி முளைத்தது. ஆள் இல்லாத இடத்தில் கதைகள் தாராளமாகக் குடியேறின. ஏழாம் அறையில் ஒருவன் விசில் அடிக்கிறான், சமையல்கூடத்தில் தட்டுகள் தாமாக வரிசையில் நிற்கின்றன, குளிக்கும் தொட்டியில் யாரோ யாரையோ முக்கி எடுக்கிறார்கள், இப்படி. கதை கேட்க வெளியூரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்ததும் அரசாங்கத்துக்கு மூக்கில் வியர்த்தது. பேய் மரபுப் பாதுகாப்பு வாரியம் பிறந்தது.

திறப்பு விழாவில் வாரியத் தலைவர் உருக்கமாகப் பேசினார். "வேறு நாடுகளில் முன்னோர்கள் மாளிகைகளை விட்டுச் சென்றார்கள். நம் முன்னோர்கள் நமக்குப் பேய்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். இவற்றை உருவாக்க எத்தனை அதிகாரிகள் எத்தனை ஆண்டுகள் பாடுபட்டிருப்பார்கள் என்பதை இளைய தலைமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்." எல்லோரும் கைதட்டினார்கள். அவர் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் மைக்கை அணைத்திருப்பார்.

வாரியம் முதலில் பேய்களை ஒழுங்குபடுத்தியது. பேய்கள் அலுவலக நேரத்தில் மட்டுமே தோன்ற வேண்டும். மதிய உணவு இடைவேளையில் தோன்றுவது ஊழியர் நலனுக்கு விரோதம். ஞாயிற்றுக்கிழமை பேய்களுக்கு வார விடுமுறை. கண்ணுக்குத் தெரியும் பேய் முதல் நிலை, காதுக்குக் கேட்கும் பேய் இரண்டாம் நிலை, எதுவுமே செய்யாமல் இருக்கிறது என்று நம்பப்படும் பேய் மூன்றாம் நிலை. இந்த மூன்றாம் நிலை விஷயத்தில் மட்டும் வாரியத்தின் மூத்த அதிகாரிகள் கொஞ்சம் சங்கடப்பட்டதாகக் கேள்வி.

வந்தவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்று தற்காலிக ஊழியர்களாகச் சில பேய் உதவியாளர்களும் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு உடை வேண்டும். கைதிச் சீருடை கேட்டு வாரியம் சிறைத் துறைக்கு எழுதியது. சிறைத் துறைக் கண்காணிப்பாளர் ஒரேயடியாக மறுத்தார். பேய்க்கு எங்கள் சீருடையைப் போட்டால், கைதிகள் சீருடையிலேயே செத்தார்கள் என்று ஆகிவிடும். எங்கள் சிறையில் ஒருவர்கூடச் செத்ததில்லை. அதற்காக விருதே வாங்கியிருக்கிறோம். ஆகவே பேய்கள் சொந்தச் சட்டையில் உலாவட்டும்.

இப்படித்தான் ஒருநாள் காலையில் வாரியத்தின் கொள்முதல் எழுத்தர் ஒரு பழைய சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் தெரு டெய்லரக்கா கடைக்கு வந்தார். வேறு டெய்லர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கடை பக்கம். இந்த எழுத்தருக்கு வெயில் ஆகாது.

டெய்லரக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஒரு மெஷின், ஒரு கட்டிங் மேஜை, பின்னால் ஒரு ரூம். அந்த ரூமில் அம்மா. அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். நடைபாதைக் கடைகளை இடிக்க வந்தபோது வண்டிக்குக் குறுக்கே நின்றான். "விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்று கூட்டிப்போனார்கள். பிறகு இந்தச் சிறை வாசலில் போய்க் கேட்டபோது, "அவன் விடுதலை ஆகிப் போய் நாளாச்சே. நல்ல உடம்போட, சொந்தச் சட்டையில, கைய வீசிக்கிட்டு வெளிய போனான். வீட்டுக்கு வரலன்னா நாங்க என்ன பண்றது? வீட்ல என்ன பிரச்சினையோ!" என்றார்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டாலும் அதே வாக்கியம்தான். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

அம்மா அதை நம்பினாள். நம்பினாள் என்றால், வேறு எதை நம்புவது? எங்கேயோ போய்ப் பிழைக்கிறான், கோபம் தீர்ந்ததும் வருவான் என்று வருஷத்துக்கு ஒரு சட்டை அவனுக்குத் தைக்கச் சொல்லுவாள். "போன வருஷ அளவு வேணாம்டி. இப்ப கொஞ்சம் சதை போட்டிருப்பான். ரெண்டு வெரல் கூட வச்சுத் தை." அக்காவும் இரண்டு விரல் கூட வைத்துத் தைப்பாள். பீரோவில் அந்தச் சட்டைகள் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போயின. ஆள் இல்லாமலேயே அவனுக்குத் தொப்பை வந்துவிட்டது.

எழுத்தர் சட்டையை மேஜையில் போட்டார். "இதாங்க அளவுச் சட்டை. உள்ள பழைய உடைமை ரூம்ல கெடந்தது. இதே மாதிரி தைக்கணும். பேய்ங்களுக்கு."

அக்கா வழக்கம்போல் சட்டையை உதறி விரித்து, தோளில் டேப்பை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. பை வலது பக்கம் இருந்தது. உலகத்தில் எல்லோருக்கும் சட்டைப்பை இடது பக்கம். அவளுடைய தம்பிக்கு இடது கைப் பழக்கம், இடது கையால் இடது பையில் சீப்பை எடுக்க வரவில்லை என்று சண்டை போட்டு, வலது பக்கம் வைக்கச் சொன்னவன். கீழிருந்து இரண்டாவது பட்டன் சிவப்பு நூலில் தைத்திருந்தது. கிளம்புகிற அவசரத்தில் பட்டன் அறுந்துபோய், வெள்ளை நூல் கைக்கு அகப்படாமல், அவன் மேலேயே சட்டையை வைத்து அவள் தைத்துக் கொடுத்தது. "அசையாதடா, குத்திரும்" என்றாள். அவன் வேண்டுமென்றே அசைந்தான். அன்றைக்குத்தான் கடைகளை இடிக்க வந்தார்கள்.

"இது எங்க தம்பி சட்டை" என்றாள் அக்கா.

"இருக்கும்" என்றார் எழுத்தர். "எப்பத் தருவீங்க?"

"சொந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனான்னு சொன்னாங்களே..."

"அதெல்லாம் சிறைத் துறை. நாங்க பேய்த் துறை. எனக்குச் சட்டை சீக்கிரம் வேணும்" என்று சொல்லிவிட்டு, நிழல் பார்த்து நடந்து போனார்.

அக்கா அம்மாவிடம் சொல்லவில்லை. சட்டையைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு சிறைத் துறை அலுவலகத்துக்குப் போனாள். பெரிதாக எதையும் கேட்கப் போகவில்லை அவள். அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று ஒரு வார்த்தை. இல்லை என்றால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு வார்த்தை. அம்மா இனி எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்று தெரிந்தால் போதும்.

கண்காணிப்பாளர் வழுவழுப்பான மனிதர். சட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அரசாங்கச் சொத்து உங்க கையில எப்படி வந்துச்சு?"

அக்கா எப்படி வந்தது என்று சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டையை வாங்கி மடித்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ரசீது கொடுத்தார்.

"சார், என் தம்பி..."

"விடுதலை ஆயிட்டாம்மா. நல்ல உடம்போட, சொந்தச் சட்டையில, கைய வீசிக்கிட்டு..."

"அந்தச் சட்டையத்தான் சார் இப்ப நீங்க உள்ள வச்சுப் பூட்டுனீங்க."

கண்காணிப்பாளர் டிராயரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அப்ப திரும்பி வந்து கழட்டி வச்சுட்டுப் போயிருப்பான். எங்க கவனிப்பு அப்படி. பழகினவங்களுக்கு விட்டுப் போக மனசு வராது" என்றார்.

அக்கா வாரியத்துக்குப் போனாள். அங்கே தம்பிக்கு நல்ல பெயர். ஏழாம் அறைப் பேய்தான் வாரியத்தின் நட்சத்திரம். முதல் நிலைச் சான்று பெற்ற ஒரே பேய். சுவரில் பெரிய படம் வரைந்து மாட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வலது பக்கம் பை. அடியில், 'சிரித்த முகத்துடன் விசிலடிப்பார். இடது கையால் வணக்கம் சொல்லுவார்.'

தம்பியின் விசிலும் இடது கையும் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டாள். செயலாளர் மூலையைக் காட்டினார். அங்கே ஸ்டூலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற வார்டர். இப்போது வாரியத்தின் பேய் ஆலோசகர். அவருக்குச் 'சரிங்கய்யா' என்று பெயர். யார் என்ன சொன்னாலும் அந்த ஒரு சொல்தான் பதில். இந்தக் கதவைத் திற என்றால் சரிங்கய்யா. மூடு என்றாலும் சரிங்கய்யா. ஏன் என்று கேட்டதே இல்லை என்பதற்காக மூன்று மேலதிகாரிகள் அவருக்கு நற்சான்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பேய்களின் பழக்க வழக்கங்களைச் சொல் என்றதும் சரிங்கய்யா என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

அக்காவைப் பார்த்ததும் கிழவர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, ஆகவே நின்றுகொண்டே இருந்தார்.

"சார், அவன் பேயா இருக்கான்னா செத்திருக்கணும்ல? அத ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. எங்க வச்சிருக்காங்கன்னு சொல்லுங்க. எங்கம்மா வருஷா வருஷம் அவனுக்குச் சட்டை தைக்கச் சொல்லுது" என்றாள் அக்கா.

செயலாளர் கனிவோடு சிரித்தார். "அது பழைய முறைம்மா. ஒருத்தர் செத்து, அனுபவம் சேர்த்து, படிப்படியா பேயா வர்றது. இந்தச் சிறைல சாவே கிடையாது. அதனால இங்க இருக்கிறதெல்லாம் நேரடி நியமனம்."

"நேரடின்னா?"

"இடையில சாவு இல்லாம நேரடியா பேய்."

அக்கா சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதல்ல. எந்த இடத்தில் கோபப்படுவது என்று தெரியவில்லை. வழவழப்பான சுவரில் ஆணி அடிக்கப் போய், நுனி எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனால் சுத்தியலை எங்கே ஓங்குவது?

"அப்ப எங்க தம்பி உயிரோட இருக்கானா?"

"சிறைத் துறை குறிப்புப்படி உயிரோட இருக்கார். எங்க குறிப்புப்படி நல்லா வேலை செய்றார். உங்களுக்குப் பெருமைதானே?"

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். காலையில் கடையைத் திறப்பதற்குப் பதில் வாரியத்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள். பேய் பார்க்க வந்தவர்கள் அவளையும் ஒரு பேய் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதிகாரிகளுக்கு இது தலைவலியாகிவிட்டது. சிறைத் துறையும் வாரியமும் கூட்டுக் கூட்டம் போட்டன. அக்காவையும் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். பிஸ்கட் வைத்தார்கள்.

கண்காணிப்பாளர் எழுந்தார். "இந்த அம்மாவின் தம்பி முறைப்படி விடுதலை செய்யப்பட்டவர். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் ஏழாம் அறையில் தொடர்ந்து காணப்படுகிறார் என்று வாரியம் சான்று கொடுத்திருக்கிறது. இந்த அம்மாவும் அது என் தம்பிதான் என்கிறார். அப்படியானால், விடுதலையான ஒருவர் அனுமதியில்லாமல் அரசாங்கக் கட்டடத்துக்குள் தங்கியிருக்கிறார். இது அத்துமீறல். குற்றம்."

"அவர் எங்கள் ஊழியர்!" என்றார் வாரியத் தலைவர்.

"குற்றவாளியை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளலாமா?"

தலைவர் தண்ணீர் குடித்தார். நெடுநேரம் விவாதம் நடந்தது. அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை, பிஸ்கட் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் இரு தரப்புக்கும் மரியாதை கெடாமல் முடிவு எட்டப்பட்டது. தம்பியைச் சிறையிலிருந்து மறுபடியும் ஒருமுறை, முறைப்படி, எல்லோர் முன்னிலையிலும் விடுதலை செய்வது. குடும்பத்தின் சார்பில் அக்கா வந்து அவரைப் பெற்றுக்கொண்டு, 'நல்ல உடல்நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுவது. அத்தோடு யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை. காலியாகும் ஏழாம் அறைக்கு வேறு பேயை வாரியம் நியமித்துக்கொள்ளும்.

"கையெழுத்துப் போட்டுட்டா அவன் எங்கன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"கையெழுத்துப் போட்டப்புறம் அவர் உங்ககூடத்தானம்மா இருப்பார்" என்றார் கண்காணிப்பாளர். "நாங்கதான் உங்களக் கேக்கணும்."

செய்தி எப்படியோ அம்மா காதுக்குப் போய்விட்டது. விடுதலை என்ற சொல் மட்டும் போயிருக்கிறது. அவள் பீரோவைத் திறந்து, கடைசியாகத் தைத்த பெரிய சட்டையை எடுத்து, நீவி மடித்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். "இதப் போட்டுக் கூட்டிட்டு வா. பழசோட தெருவுல நடக்க விட்டுறாத" என்றாள். அக்காவுக்கு உண்மை வாய் வரை வந்தது. "சரிம்மா" என்று சட்டையை வாங்கிக்கொண்டாள். அந்த இடத்தில் நின்று வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

விழா முற்பகலில் நடந்தது. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, சிறை முற்றத்தில் மைக் வைத்திருந்தார்கள். புகைப்படக்காரர்கள் வந்திருந்தார்கள். தெருவே வந்திருந்தது. அலறலுக்குப் பேய் என்று பெயர் வைத்த அதே தெரு, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

வாரியத் தலைவர் முதலில் பேசினார். "ஒரு பேயை அதன் குடும்பத்திடமே திருப்பி ஒப்படைக்கும் மனிதநேயம் வேறு எந்த நிர்வாகத்துக்கு வரும்? வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நேர்மை. முழுதாகக் கொடுக்க முடியவில்லை என்றாலும், மிச்சத்தையாவது கொடுக்கிறோம் அல்லவா?" கைதட்டல்.

அடுத்து கண்காணிப்பாளர். "எங்கள் சிறையிலிருந்து எவரும் சொந்தச் சட்டை இல்லாமல் வெளியே போனதில்லை. இன்றும் போக மாட்டார்." அவர் சைகை காட்ட, ஒரு தட்டில் அந்தச் சட்டை வந்தது. சலவை செய்து கஞ்சி போட்டிருந்தார்கள். அதைத் தட்டோடு உயர்த்திக் காட்டினார். படம் எடுத்தார்கள். பிறகு ஏழாம் அறைக் கதவைத் திறந்தார்கள். கீல் கிரீச்சிட்டது. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. எல்லோரும் எழுந்து நின்று அந்த வராதவனுக்குக் கைதட்டினார்கள். கண்காணிப்பாளர் காற்றோடு கைகுலுக்கினார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா" என்று செயலாளர் பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. அக்குளில் பெரிய சட்டையை இடுக்கிக்கொண்டு, தட்டிலிருந்த சின்னச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு திட்டமும் இல்லை. தைத்துக் கொடுத்த துணியைப் போட்டுப் பார்க்காமல் வாடிக்கைக்காரரை அவள் அனுப்பியதில்லை, அவ்வளவுதான்.

"சட்டையப் போட்டுக் கூட்டிட்டு வாங்க சார். அப்புறம் போடுறேன்."

"போட்டாச்சுன்னு வச்சுக்குங்களேன்."

"தட்டுலதான் இருக்கு. சொந்தச் சட்டையிலதான் வெளிய வருவான்னு இப்பத்தான் நீங்களே சொன்னீங்க. போட்டு விடுங்க. போட்டுக்கிட்டு வரட்டும். நான் வாங்கிக்கிறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மைக் அதையும் பெரிதாக்கியது. புகைப்படக்காரர்கள் காத்திருந்தார்கள். கண்காணிப்பாளருக்குப் பொறுமை போய்விட்டது. தட்டைத் தூக்கி, பக்கத்தில் விறைப்பாக நின்ற கிழவர் கையில் திணித்தார். "யோவ், இத அவனுக்குப் போட்டு விட்டுட்டு வாய்யா. தொல்லை தாங்கல."

"சரிங்கய்யா" என்றார் சரிங்கய்யா.

அவர் ஏழாம் அறைக்குப் போவார், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வருவார், விழா முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிழவர் ஏழாம் அறைக் கதவைத் தாண்டிப் போனார். "இந்தப் பக்கம்யா, ரூம் இந்தப் பக்கம்!" என்று செயலாளர் கத்தினார். அவருக்கு உத்தரவு போட்டவர் செயலாளர் அல்ல. அவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சமையல்கூடத்தைத் தாண்டி, குளிக்கும் தொட்டியைத் தாண்டி, மதில் மூலைக்குப் போனார். அங்கே உடைந்த ஓடுகள் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். மண்ணைக் கையால் தடவிச் சமப்படுத்தினார். சட்டையை எடுத்து, கழுத்து மதில் பக்கமும் அடிப்பாகம் முற்றத்துப் பக்கமுமாகத் தரையில் விரித்தார். கைகள் இரண்டையும் நேராக நீட்டி வைத்தார். காலரை நீவினார். பிறகு மண்டியிட்டு, மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு பட்டனாகப் போட்டார். சிவப்பு நூல் பட்டன் கொஞ்சம் தகராறு பண்ணியது. அதையும் போட்டார்.

எழுந்து திரும்பி வந்து கண்காணிப்பாளர் முன்னால் விறைத்து நின்றார். "போட்டாச்சுங்கய்யா."

மைக் எல்லாவற்றையும் கேட்டது. முற்றத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. எங்கள் தெருவில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அலறல் கேட்ட காலத்தில்கூட நாங்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வோம்.

அக்கா நடந்து போனாள். யாரும் தடுக்கவில்லை. சட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தோளில் கை வைத்தாள். கிழவர் அவள் பின்னாலேயே போய் நின்றார்.

"நீங்கதான் தோண்டுனீங்களா?"

"தோண்டச் சொன்னாங்கம்மா."

"யாரு?"

"பேர் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப அவனுக்கு உயிர் இருந்துச்சா?"

கிழவர் தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு, "அதப் பாக்கச் சொல்லலம்மா" என்றார்.

இதற்கு மேல் நடந்தவை எல்லாம் நிர்வாகம், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். வாரியத் தலைவர்தான் முதலில் சுதாரித்தார். பேய் தன் இருப்பிடத்தைத் தானே தெரிவு செய்துகொண்டது என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டச் சொன்னார், சிலர் தட்டவும் செய்தார்கள். கண்காணிப்பாளர், அங்கே மண் மட்டுமே இருக்கிறது, மண்ணுக்கும் சிறைத் துறைக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'பெற்றுக்கொண்டவர் உணர்ச்சிவசப்பட்டதால் கையெழுத்திட இயலவில்லை' என்று எழுதிக் கோப்பை முடித்தார்கள். அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அக்கா மனு கொடுத்தாள். தோண்டினால் மரபுச் சின்னத்துக்குச் சேதம் ஏற்படும் என்று பதில் வந்தது. இப்போது அந்த மூலையைச் சுற்றிக் கயிறு கட்டி, 'முதல் நிலைப் பேய் இளைப்பாறும் இடம், மிதிக்காதீர்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அலுவலக நேரத்தில் பார்க்கலாம். கிழவரை ஆலோசகர் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டதற்காக. அவர் வாழ்க்கையில் உத்தரவைச் சரியாகப் புரிந்துகொண்டது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அது அரசாங்கச் சொத்து என்று கண்காணிப்பாளர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அவள் நின்று அவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். அவள் நடந்து வீட்டுக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். யாரும் பேசவில்லை. பேசுவதற்கு எங்களிடம் இருந்ததெல்லாம் பேய்க்கதைகள்தான்.

அம்மா வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். மகள் தனியாக வருவதைப் பார்த்தாள். அக்கா இரண்டு சட்டைகளையும் கட்டிங் மேஜைமேல் வைத்தாள். அம்மா பழையதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வலது பக்கத்துப் பையில் விரலை விட்டுப் பார்த்தாள். சிவப்பு நூலைக் கட்டைவிரலால் தேய்த்தாள். முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிடப் போனவள், தட்டாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க?" என்றாள்.

"மதில் மூலைலம்மா. நம்ம துணி காயப்போடுவோமே, அதுக்கு அந்தப் பக்கம்."

அம்மா புதுச் சட்டையை மேஜையில் விரித்தாள். பழைய சட்டையை அதன் மேல் வைத்தாள். தோளோடு தோள் சேர்த்து வைத்தாள். பழையது நடுவில் சின்னதாகக் கிடந்தது. நாலு பக்கமும் புதுத்துணி அகலமாகத் தெரிந்தது. அத்தனை வருஷமும் அவள் கூட்டிக்கொண்டே வந்த இரண்டு இரண்டு விரல்கள். அதை அவள் கையால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் இருந்தானா?" என்றாள். பிறகு, அழுகை உடைந்து வருவதற்கு முன்னால், மகளைப் பார்த்துச் சொன்னாள். "இனிமே அளவக் கூட்ட வேணாம்டி."